சடை விழுந்த தலை

பூவாயி இறந்த அன்று, ஒப்பாரி வைக்க வந்த பெண்கள்தான் இராஜம்மாவின் கொண்டையை அவிழ்த்துவிட்டார்கள். பெற்றவள் தலைவிரி கோலமாக மாரில் அடித்துக்கொண்டு அழவேண்டும் என்பது முறை. அவளும் அழுதாள். ஆண்கள் பிள்ளையைப் புதைத்துவிட்டுக் குளித்து வந்தார்கள். பெண்கள் தங்கள் தலையை முடிந்துகொண்டு அடுப்பு மூட்டப் போனார்கள். இராஜம்மா மட்டும் முடிந்துகொள்ளவில்லை.

கிள்ளானிலிருந்து காப்பாருக்குப் போகிற சடக்கை ஒட்டிய ரப்பர்த் தோட்டம் அது. தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கிற லயத்தின் கடைசி அறையில் அவளும் அவள் புருஷன் பக்கிரிசாமியும் இருந்தார்கள். இருவரும் பால்மரம் வெட்டுகிறவர்கள். பூவாயி அவர்களுக்கு ஒரே பிள்ளை. அப்பன் பால்வாளிகளை இறக்கிவிட்டு வெறுங்கம்போடு திரும்பும்போது ஓடிப்போய் அந்தக் கம்பின் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு வருகிற வயசு. அந்த மழைக்காலத்தில் காய்ச்சல் லயத்துப் பிள்ளைகளை வரிசையாக வாரிக்கொண்டு போனது. பூவாயியும் அதில் போனாள்.

துக்கம் கழிந்து எல்லாரும் வேலைக்குப் போனார்கள். இராஜம்மா போகவில்லை. விடியற்காலை ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குத் தப்பு அடிப்பார்கள். பக்கிரிசாமி எழுந்து போவான். அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள். வயிறு பசிக்கும். சட்டியில் சோறு இருக்கும். எழுந்து போட்டுக்கொள்ள வேண்டும் என்பது மட்டும் மலையைத் தூக்குகிற வேலையாகத் தெரியும். சேலை உடம்பிலேயே நனைந்து உடம்பிலேயே காயும். கொஞ்ச நாளைக்குப் பக்கிரிசாமி கெஞ்சினான், பிறகு திட்டினான், பிறகு அவனே கஞ்சி வைத்து அவள் கையில் கொடுக்கப் பழகிக்கொண்டான்.

பக்கத்து அறை வீரம்மா அவள் கூடவே ஒரே கப்பலில் வந்தவள். சாயங்காலம் சீப்பும் எண்ணெயுமாக வந்து உட்காருவாள்.

"ஏண்டி ராசு, தலையக் குடு. பேன் மேயுது பாரு."

இராஜம்மா தலையை இழுத்துக்கொள்வாள். கோபம் ஒன்றும் இல்லை. யாராவது தொட்டால் உள்ளே எங்கோ வலித்தது, அவ்வளவுதான். வீரம்மாவும் எத்தனை நாள்தான் கேட்பாள்? அவளுக்கும் புருஷன், வேலை, பிறகு வயிற்றில் ஒரு பிள்ளை.

முடி முதலில் சிக்கு விழுந்தது. சிக்கு முடிச்சானது. முடிச்சுகள் ஒன்றோடொன்று பின்னி, வியர்வையும் அழுக்கும் சேர்ந்து, கயிறு மாதிரி முறுகின. அடுத்த ஆடி மாதம் வருவதற்குள் அவள் முதுகில் கனத்த சடைகள் தொங்கின.

அந்த ஆடியில் லயத்து மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். யாரோ கைப்பிடித்து இராஜம்மாவையும் அழைத்து வந்து ஓரமாக உட்காரவைத்தார்கள். பூசாரி அய்யாவு கற்பூரத் தட்டோடு வந்தவர் அவள் முன்னால் நின்றுவிட்டார். அவரும் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர்தான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மட்டும் பூசாரி. பொய் சொல்லத் தெரியாத மனுஷன். அவர் கண்ணில் நீர் வந்தது.

"சடை விழுந்திருக்கு. ஆத்தா வந்து குந்தியிருக்கா. இத்தன நாளா நம்ம கண்ணுக்குத் தெரியாமப் போச்சே!"

தட்டைக் கீழே வைத்துவிட்டு அவள் காலில் விழுந்தார். ஒருவர் விழுந்தால் போதும், மற்றவர்கள் விழ நேரமாகாது.

அந்த வருஷம் லயத்தில் காய்ச்சல் குறைந்திருந்தது. அதற்கு முந்தைய மாதங்களில்தான் தோட்டத்தில் சதுப்பு முழுக்கத் தண்ணீர் வடியக் கான் வெட்டி, தேங்கின தண்ணீரில் எண்ணெய் ஊற்றியிருந்தார்கள். வீரம்மாவின் புருஷன் இராமலிங்கம் அந்தக் கான் வெட்டின ஆட்களில் ஒருவன். "தண்ணி வடிஞ்சு கொசு கொறஞ்சதுனாலன்னு ஆஸ்பத்திரி டிரெசர் சொல்றாரு" என்று அவன் ஒரு தடவை சொல்லிப் பார்த்தான். கள்ளுக்கடையில் அவனை அடிக்கவே வந்துவிட்டார்கள். அதற்குப் பிறகு வாயைத் திறக்கவில்லை.

கடைசி அறை வாசலில் வேப்பிலை கட்டினார்கள். பெண்கள் பிள்ளைகளைக் கொண்டுவந்து இராஜம்மாவின் மடியில் போட்டு எடுத்தார்கள். வெள்ளிக்கிழமை தோறும் குடம் குடமாக மஞ்சள் தண்ணீர் கொண்டுவந்து அவள் தலையில் ஊற்றினார்கள். சடையை ஒரு விரலும் பிரிக்கவில்லை. நனைந்த சடை காயாமல் நாறும். அதன்மேல் சாம்பிராணி போட்டார்கள். பால், பழம், இளநீர் எல்லாம் வந்தன. அவளுக்குச் சூடாக ஒரு வாய் ரசச்சோறு வேண்டும் போலிருந்த நாளில், ஆத்தாளுக்குப் படைக்கிற துள்ளுமாவைத்தான் முன்னால் வைத்தார்கள். வேலைக்குப் போகவில்லையே என்று யாரும் கேட்கவில்லை. என்ன வேண்டும் என்றும் கேட்கவில்லை.

பக்கிரிசாமிதான் ரொம்ப மாறிப்போனான். கள்ளுக்கடைப் பக்கம் போவதை விட்டான். குளித்து, நெற்றி நிறையத் திருநீறு பூசி, அவளுக்கு முன்னால் விளக்கேற்றிவிட்டுத்தான் வேலைக்குப் போனான். ராத்திரி வாசலுக்கு வெளியே சாக்கை விரித்துப் படுத்தான். புருஷன் கை மேலே பட்டே பல மாதம் ஆயிற்று என்று ஒருநாள் இராஜம்மாவுக்குத் தோன்றியது. அதைக்கூட யாரோ ஒருத்தியைப் பற்றி நினைப்பது மாதிரிதான் நினைத்தாள்.

இப்படி ஒரு வருஷம் ஓடியது. பிறகு ஒரு காலையில் அவளுக்குத் தலை அரித்தது.

அதற்கு முன்னாலும் அரித்திருக்கும். அன்றுதான் அவளுக்குத் தெரிந்தது. பொறுக்கமுடியாத அரிப்பு. விரலை விட்டுப் பார்த்தால் சடைக்குள் விரல் போகவில்லை. போன இடத்தில் புண்ணின் ஈரம். கழுத்து கனத்தது. மூக்கில் தன் நாற்றம் தனக்கே அடித்தது. கூடவே, சீயக்காய் தேய்த்துத் தலை குளித்து, வெயிலில் முடியை விரித்துப்போட்டுக்கொண்டு உட்காரவேண்டும் என்று ஓர் ஆசை வந்தது. பூவாயி போன பிறகு அவளுக்கு வந்த முதல் ஆசை அது. அதற்காக வெட்கமாகக்கூட இருந்தது.

பக்கிரிசாமி வேலையிலிருந்து வந்ததும் சொன்னாள்: "என்னாங்க, எனக்குத் தலை முழுகணும். இந்தச் சடைய எடுத்துருங்க. புண்ணு வச்சிருக்கு."

அவன் முகம் வெளுத்துவிட்டது.

"என்ன பேச்சுப் பேசுறே? ஆத்தா கோவிச்சுக்குவா."

"ஆத்தாளும் இல்ல, ஒண்ணும் இல்லைங்க. நான் தலை வாரல, சிக்குப் புடிச்சுப்போச்சு. ஒங்களுக்குத் தெரியாதா?"

அவன் சட்டென்று குனிந்து அவள் இரண்டு பாதங்களையும் பிடித்துக்கொண்டான். அவள் காலை இழுத்தாள். விடவில்லை.

"அப்படிச் சொல்லாதே புள்ள. நீ ஆத்தா இல்லேன்னா எம்மவ சும்மாவா செத்துச்சு? ஒன்கிட்ட எறங்குறதுக்குத்தான் ஆத்தா அவள எடுத்துக்கிட்டான்னு நெனச்சு நான் சோறு திங்கிறேன். அதையும் புடுங்கிட்டா நான் என்னத்த வச்சிக்கிட்டு இருப்பேன்?"

அவன் அழுதது அவள் பாதத்தில் சுட்டது.

வீரம்மாவிடம் கேட்டாள். வீரம்மா கைக்குழந்தைக்காரி, தங்கையா என்று ஒரு மகன், தவழ்கிற பிள்ளை. முதலில் பயந்தாள். இராஜம்மா அவள் கையைப் பிடித்துத் தன் பிடரியில் வைத்தாள். விரலில் சீழ் ஒட்டியதைப் பார்த்ததும் வீரம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"பாவி மகளே, இதோடயா இருந்தே?"

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், லயமே சாமான் வாங்கக் கிள்ளான் பாசாருக்குப் போயிருந்த நேரம், இரண்டு பேரும் கானோரம் போனார்கள். தங்கையாவை ஒரு சாக்கில் உட்காரவைத்துவிட்டு, வீரம்மா தேங்காயெண்ணெயை ஊற்றி ஊற்றி அடியிலிருந்து ஒவ்வோர் இழையாகப் பிரித்தாள். வலியில் உயிர் போனது. "இழுக்குதாடி?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். "இழு, இழு" என்றாள் இராஜம்மா. வெயில் சாயும்போது இடப்பக்கத்துச் சடை ஒன்று முழுக்கப் பிரிந்து, எண்ணெய் வழிகிற முடியாகத் தோளில் விழுந்தது. இராஜம்மா அதை முன்னால் இழுத்துக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தாள். தன்னுடைய முடிதான். மீதியை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று முக்காடு போட்டுக்கொண்டு திரும்பினார்கள்.

மறுநாள் பகலில் வீரம்மா வரவில்லை. சாயங்காலம் வந்தாள். சீப்பும் எண்ணெயும் இல்லை. கையில் தங்கையா, உடம்பு அனலாகக் கொதிக்கக் கிடந்தான். அவளுக்குப் பின்னால் பூசாரி அய்யாவுவும் பாதி லயமும்.

"ஆத்தா, என்னை மன்னிச்சிடு தாயி. தெரியாம தொட்டுட்டேன். எம்புள்ளையக் குடுத்துடு."

"வீரம்மா, நான்டி. ராசுடி. என்னைப் பாருடி."

வீரம்மா நிமிரவில்லை. பிள்ளையை அவள் மடியில் கிடத்திவிட்டு, மண்ணில் நெற்றி படக் கிடந்தாள்.

இராஜம்மா பிள்ளையின் நெற்றியைத் தொட்டாள். அந்தச் சூடு அவளுக்குத் தெரிந்த சூடு. கண் பாதி மூடி, உதடு வெடித்து, மூச்சு ஓடி ஓடி வந்தது. பூவாயிக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது.

"இது காய்ச்சல். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போ. கொய்னா மருந்து குடுப்பாங்க. இப்பவே போ."

"நீ இருக்கும்போது ஆஸ்பத்திரி எதுக்கு ஆத்தா? நீ மனசு எறங்கினா போதும்."

"சொல்றதக் கேளுடி!"

"ஆத்தா கோவமா இருக்கா" என்றார் அய்யாவு மெதுவாக. பெண்கள் ஓவென்று அழுதார்கள். யாரோ மஞ்சள் தண்ணீர் கொண்டுவர ஓடினார்கள்.

அன்று ராத்திரி முழுக்க அவள் சொன்னாள். கெஞ்சினாள், கத்தினாள். கத்தக் கத்த ஆத்தா உக்கிரமாக இருக்கிறாள் என்று உடுக்கை அடித்தார்கள். இராமலிங்கம் கூட்டத்துக்குப் பின்னால் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான். பெண்டாட்டியையும் பூசாரியையும் மாறி மாறிப் பார்த்தான். முன்னால் வரவில்லை. விடிந்து, மறுநாள் பொழுதும் ஏறிற்று. பிள்ளைக்கு இழுப்பு வந்தது. கை கால் வெட்டி வெட்டி இழுக்க, வாயில் நுரை தள்ளியது.

இராஜம்மா பிள்ளையைக் கீழே கிடத்திவிட்டு எழுந்தாள். கதவு மூலையில் பக்கிரிசாமியின் பாராங்கத்தி சாத்தியிருந்தது. அதை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து, ஒரு கையால் சடையைச் சேர்த்துப் பிடித்து, நிலைப்படிக் கட்டையில் வைத்து வெட்டினாள். ஒரே வெட்டில் போகவில்லை. தலைத்தோலும் சேர்ந்து கிழிந்தது. நெற்றியில் ரத்தம் வழிய, அறுந்த சடையைத் தூக்கி வீரம்மாவின் முன்னால் போட்டாள்.

"பாத்துக்க. வெறும் மயிரு. இதுல யாரும் இல்ல. இப்ப புள்ளையத் தூக்கிட்டு ஓடு!"

முதலில் அசைந்தவன் இராமலிங்கம். கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து மகனை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிப் பக்கம் ஓடினான். இராஜம்மா ரத்தத்தைத் துடைக்காமல் அவன் பின்னாலேயே ஓடினாள்.

தோட்டத்து ஆஸ்பத்திரி வராந்தாவில் டிரெசர் பிள்ளையை வாங்கிக்கொண்டார். ஊசி போட்டார், ஈரத்துணி போட்டார். வெகுநேரம் கழித்து வெளியே வந்தபோது அவர் கை வெறுமையாக இருந்தது.

"நேத்தே கொண்டு வந்திருந்தா பாத்திருக்கலாம்" என்றார்.

அதைக் கேட்டவர்கள் இரண்டே பேர். இராமலிங்கம் கீழே உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டான். பிறகு உள்ளே போய் மகனை வாங்கிக்கொண்டு வந்தான். படியிறங்கும்போது அவளைப் பார்த்து, "நீ வராதே" என்றான்.

"அண்ணே, டிரெசர் சொன்னத நீயாவது அவகிட்ட சொல்லு."

"சொன்னா அவ உசுரோட இருக்கமாட்டா" என்று சொல்லிவிட்டு நடந்தான்.

அவன் சொல்லவில்லை. ஆத்தா சடையை அறுத்தாள், பிள்ளை போயிற்று என்பதுதான் லயத்தில் நின்றது. யாரும் அவளை அடிக்கவில்லை, ஏசவில்லை. அவள் வந்தால் கதவுகள் மூடிக்கொண்டன. தண்ணீர்க் குழாயடியில் குடங்களை விட்டுவிட்டு விலகிப் போனார்கள். வீரம்மாவின் ஒப்பாரி சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டே இருந்தது. பக்கிரிசாமி அறுந்த சடையை மஞ்சள் துணியில் சுற்றி, மாடத்தில் வைத்து, அதன் முன்னால் விளக்கேற்றினான். அவளைப் பார்த்தபோது அவன் கண்ணில் வெறுப்புக்கூட இல்லை. ஆள் குடிபெயர்ந்து போய்விட்ட ஒரு வீட்டைப் பார்ப்பது மாதிரி பார்த்தான்.

"நான் போறேங்க" என்றாள்.

அவன் திரியைத் தூண்டிக்கொண்டிருந்தான். திரும்பவில்லை.

கிள்ளானுக்கு நடந்தே வந்தாள். பாசாருக்குப் பக்கத்தில், கடைவரிசை நிழலில், ஒரு சீனக் கிழவன் நாற்காலி போட்டு முடி வெட்டிக்கொண்டிருந்தான். முக்காட்டை விலக்கி அவன் முன்னால் உட்கார்ந்தாள். அவன் தலையைச் சுற்றிப் பார்த்து, "செமுவா?" என்றான் மலாயில், எல்லாமா என்று. தலையாட்டினாள். கெட்டிலிலிருந்து வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, துணியை நனைத்து, காய்ந்த ரத்தத்தையும் சீழையும் கொஞ்சம் கொஞ்சமாகத் துடைத்தான். புண்ணுக்குப் பக்கத்தில் வரும்போது கத்தியை நிறுத்தி வாயால் ஊதினான். யார் என்ன என்று கேட்கவில்லை. அவளிடம் அவனுக்கு ஆகவேண்டியது எதுவும் இல்லை. அழுகை வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. எழுந்தபோது தலை லேசாகி, காற்றுப்பட்டு, குளிர்ந்தது. அந்தச் சுகத்தில் அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. அங்கே ஒரு பிள்ளையைப் புதைத்து மண் காயவில்லை.

கோலாலம்பூரில், பிரிக்பீல்ட்ஸில், ரயில்வே ஆட்களுக்குச் சோறு போடுகிற கடைகளில் பாத்திரம் தேய்க்க ஆள் எடுப்பார்கள் என்று எப்போதோ கேட்டது நினைவிருந்தது. ரயிலேறிப் போனாள். மூன்றாவதாகக் கேட்ட கடை பிலோமினா என்கிற வேதக்கார அம்மாளுடையது. பருத்த உடம்பு, சத்தமான குரல்.

"மொட்டை எதுக்கு? வேளாங்கண்ணிக்கா, பழனிக்கா?"

"ரெண்டுக்கும் இல்லக்கா. பேனு."

"அப்ப சரி. முடி வளர்ந்தா துணி கட்டிக்க. சோத்துல விழுந்தா எனக்குக் கெட்ட கோவம் வரும்."

அங்கேயே கொட்டகையில் ஓர் ஓரம் கொடுத்தாள். இராஜம்மா தேய்த்தாள், அரிசி களைந்தாள், விறகு அடுக்கினாள். முடி அரும்பியது. காதை மூடியது. தோளுக்கு இறங்கியது. பிலோமினா ஒரு மரச்சீப்பைத் தூக்கிப்போட்டாள். அன்றிலிருந்து ஒவ்வொரு விடியலிலும், மற்ற எதற்கும் முன்னால், இராஜம்மா தலை வாரினாள். அடியிலிருந்து நுனிவரை, ஓர் இழை விடாமல். ஒரு முடிச்சு விரலில் பட்டால் நெஞ்சு படபடக்கும்; அது பிரிகிறவரை அடுப்படிக்குப் போகமாட்டாள். கடைக்கு வருகிற ஆட்கள், "அக்காவுக்குத் தலைமேல என்னா அக்கறை" என்று சிரிப்பார்கள். அவளுக்கு அது அக்கறை இல்லை, பயம். ஒருநாள் விட்டால் அது மறுபடி பிடித்துக்கொள்ளும், யாராவது பார்ப்பார்கள், காலில் விழுவார்கள், எங்கோ ஒரு பிள்ளை மடியில் வந்து விழும்.

இரண்டு வருஷம் கழித்து ஒரு மத்தியானம் பக்கிரிசாமி கடைக்கு வந்தான். யாரிடமோ விசாரித்து வந்திருக்கிறான். இளைத்திருந்தான். அவள் இலை போட்டுச் சோறு வைத்தாள். குனிந்தபடி சாப்பிட்டான்.

"வீரம்மா எப்படி இருக்கா?"

"முழுவாம இருக்கா. நம்ம வீட்டுல சடை வச்ச மாடத்துலதான் வேண்டிக்கிட்டுத் தொட்டில் கட்டியிருக்கா. வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம எல்லாரும் வர்றாங்க." சோற்றைப் பிசைந்துகொண்டே, "பூவாயிக்கும் அங்கயே ஒரு வெளக்கு வைக்கிறேன்" என்றான்.

"காய்ச்சல் வந்தா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போகச் சொல்லுங்க. வீரம்மாகிட்ட சொல்லுங்க. நான் சொன்னேன்னு சொல்லவேணாம்."

அவன் இலையை மடித்துவிட்டு எழுந்தான். கை கழுவிவிட்டு வந்து நின்றான். முதல் தடவையாக அவள் தலையைப் பார்த்தான். எண்ணெய் தடவி, படிய வாரி, சின்னக் கொண்டையாக முடிந்திருந்தது. ஊரிலிருந்து கப்பலேறின நாளில் அவள் அப்படித்தான் இருந்தாள். பார்வையை எடுத்துக்கொண்டான்.

"நல்லா இருக்கியா?"

"தலை வாரிக்கிறேன்" என்றாள்.

அவன் ரயிலடிப் பக்கம் போனான். வா என்று கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தாலும் போயிருக்கமாட்டாள். ஆனாலும் அவன் முதுகு மறைகிறவரை கையில் எச்சில் இலையோடு நின்றாள்.

மறுநாள் விடிந்தும் அவளுக்கு எழுந்திருக்கத் தோன்றவில்லை. பழைய கனம் நெஞ்சின் மேல் வந்து உட்கார்ந்திருந்தது. தட்டிச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அடுப்படியிலிருந்து பிலோமினா இரண்டு தடவை கத்தினாள். மூன்றாவது தடவை கத்தினபோது இராஜம்மா படுத்தபடியே கையை நீட்டித் தடவி, சீப்பை எடுத்து, ராத்திரி கலைந்து கிடந்த முடிக்குள் விட்டாள். சிக்கு இருந்தது. எழுந்து உட்கார்ந்தால்தான் பிரியும். எழுந்து உட்கார்ந்தாள்.